முத்துக் குளித்த கரை

தமிழில் 'சலாபம்' என்று ஒரு சொல் உண்டு. 'சிலாபம்' என்றும் அது வழங்கும். முத்துக் குளிக்கும் தொழிலுக்கும், அது நடைபெறும் பருவத்துக்கும் நம் முன்னோர் இட்ட பெயர் அது. இப்பொழுது அகராதியைப் புரட்டுகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அச்சொல் வேண்டியிருப்பதில்லை. ஆனால் இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னாருக்குத் தெற்கே, ஒரு சிற்றூர் அதையே தன் பெயராகத் தாங்கி நிற்கிறது. சிலாபத்துறை என்பதுதான் ஜனங்களின் நாவில் மருவிச் சிலாவத்துறை ஆயிற்று. அதற்கு வடக்கே அரிப்பு, தெற்கே கொண்டச்சி, இன்னும் தெற்கே, காட்டின் ஓரத்தில், மறிச்சுக்கட்டி. மகாராஜாக்களின் மார்பிலும் சீமை ராணிமார்களின் கழுத்திலும் கிடந்த முத்துக்களில் எத்தனையோ, இந்த நான்கு ஊர்களின் மணலில்தான் முதன் முதலாக வெளிச்சத்தைக் கண்டன.

கொற்கை முத்தைப் பற்றி வருஷந்தோறும் வகுப்பில் பாடம் சொல்லுகிறவர்களில் நானும் ஒருவன். கொற்கையோ இன்று கடலை விட்டு வெகு தூரம் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு கிராமமாக இருக்கிறது. ஆகவே, அதே மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், கடல் இன்னும் வாசலிலேயே நிற்கும் முத்து நகரம் எப்படி இருக்கிறது என்று பார்த்து வர வேண்டுமென்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அந்தப் பிரயாணத்தில் கண்டவற்றையும், அவற்றை விளங்கிக்கொள்ளப் படித்தவற்றையும் இங்கே நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

மன்னாரிலிருந்து தெற்கே

1914-ம் வருஷம் முதல் 1964-ம் வருஷத்துப் புயல் வரையில், தனுஷ்கோடியில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிவிடலாம். அந்த வழி இல்லாத இப்பொழுது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் மன்னாருக்கு நாம் கொழும்பையோ யாழ்ப்பாணத்தையோ சுற்றிக்கொண்டுதான் செல்ல வேண்டியிருக்கிறது. யுத்தத்தில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை 2015-ல் மீண்டும் திறக்கப்பட்டது. மன்னார் என்பது ஒரு தீவு. ஊருக்குள் கழுதைகள் தெருவில் சுயேச்சையாகத் திரிகின்றன. அராபிய வணிகர்கள் கொண்டு வந்து நட்டதாகச் சொல்லப்படும் பெருக்க மரம் ஒன்று, பத்துப் பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத பருமனோடு நிற்கிறது.

பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்கு வந்து, வங்காலை வழியாகத் தெற்கே திரும்பினால், அரிப்பும் சிலாவத்துறையும் நாற்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமே. ஆயினும் அந்தத் தூரத்துக்குள் மனிதக் குரல் படிப்படியாகக் குறைந்து விடுகிறது. பனையும் உடை மரமும் உப்பளமும் மாறி மாறி வருகின்றன. அநுராதபுரத்திலிருந்து வரும் அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று பெயர் பெற்றது, அரிப்புக்கு அருகில் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றைத் தாண்டியதும் கிறிஸ்தவர்களின் கோயிலும் முஸ்லிம்களின் பள்ளிவாசலும் கடற்கரையில் இழுத்து விட்ட படகுகளும் கண்ணுக்குப் படுகின்றன. முத்து வியாபாரத்தின் அடையாளமாக ஒரு கடையோ, கிடங்கோ, கட்டடமோ இல்லை. இவ்வூர்களுக்கு முதன் முதலாகப் போகிறவர்களை ஆச்சரியத்தில் ஆழ்த்துவது இதுவே.

அரிப்பில் ஒரு பழைய கோட்டையின் மிச்சம் இருக்கிறது. போர்த்துகீசியர் கட்டி, 1658-ல் டச்சுக்காரர் கைக்கு வந்த சிறிய கோட்டை அது. கண்டி ராஜ்யத்தில் பத்தொன்பது வருஷம் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1679-ம் வருஷம் அக்டோபரில், தம் தோழர் ஒருவருடன் காட்டு வழியாக ஆற்றங்கரையைப் பற்றிக்கொண்டே தப்பி வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அவர் ஊர் திரும்பி எழுதிய புஸ்தகம் 1681-ல் லண்டனில் வெளியாகி, இலங்கையைப் பற்றி ஐரோப்பா முழுவதும் பேச வைத்தது. இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு கோட்டை எதற்கு என்று கேட்டால், பதில் கடலுக்குள் இருக்கிறது.

பார்கள்

கரையிலிருந்து பத்து மைலுக்கும் அப்பால், ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில், கடலடி மணலுக்கு நடுவே பாறைத் தட்டுகள் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. நம் தூத்துக்குடிக்கு எதிரே தொளாயிரம் பார் இருப்பது போல. முத்துச் சிப்பி இந்தப் பாறைகளைப் பற்றிக்கொண்டு கூட்டம் கூட்டமாக வளர்கிறது. அதன் ஆயுள் அற்பம், ஐந்தாறு வருஷந்தான். நான்கு வயதுக்கு முன் எடுத்தால் முத்து சிறுத்துப் போகும். ஆறு வயது வரை விட்டு வைத்தால் சிப்பியே இறந்து போகும். அந்த இடைவெளிக்குள் கணக்குப் பார்த்துக் கடலுக்குள் இறங்க வேண்டும்.

அப்படிக் கணக்குப் பார்த்தாலும் கடல் அதற்குக் கட்டுப்படுவதில்லை. மணல் புரண்டு பாரை மூடிவிடும். திருக்கையும் கிளாத்தியும் வந்து மேய்ந்துவிடும். 1902-ல் ஹெர்ட்மன் என்ற விஞ்ஞானி ஹார்னெல் என்ற உதவியாளருடன் வந்து இப்பார்களை ஆராய்ந்தார். பெரிய பாரில் 1880 முதல் அதுவரை பத்துத் தடவைக்கு மேல் இளஞ்சிப்பி நிறைந்ததாகவும், ஒரு தடவை கூட அது குளிக்கும் பருவத்தை எட்டவில்லை என்றும் அவர் கண்டார். தென்மேற்குப் பருவக் காற்று எழுந்தால் அங்கே சிப்பி நிலைப்பதில்லை.

முத்து எப்படி உண்டாகிறது என்பதற்கு நம் நாட்டில் ஓர் அழகான நம்பிக்கை உண்டு. சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய் திறந்து ஏற்றுக்கொள்ளுகிறதாம். ஹெர்ட்மன், சிப்பிக்குள் புகும் ஒருவகைப் புழுவின் குஞ்சுதான் மூலம் என்றார். இன்றைய விஞ்ஞானம், சிப்பியின் உடலைப் போர்த்த மெல்லிய தோலின் அணுக்கள் காயத்தினாலோ வேற்றுப் பொருளினாலோ உட்புறம் தள்ளப்பட்டுப் பைபோல் சூழ்ந்துகொண்டு, படலம் படலமாகப் பூசி முத்தாக்குகின்றன என்கிறது. எப்படியானாலும் சிப்பிக்கு அது ஒரு நோவு. அந்த நோவுக்குத்தான் நாம் விலை வைத்தோம்.

ஒரு மூச்சின் நேரம்

வடகிழக்குப் பருவக் காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்னால், மாசி பங்குனியில் கடல் கண்ணாடி போல் இருக்கும். அதுதான் சலாபக் காலம். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், மலையாளக் கரையார், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் எல்லோரும் அப்பொழுது இந்தக் கரையில் கூடிவிடுவார்கள்.

நடுநிசிக்கு மேல் கரையிலிருந்து வீசும் காற்றைப் பிடித்துப் பாய் விரிப்பார்கள். பொழுது விடியப் பாரின் மேல் படகுகள் நிற்கும். அடையாள வெடி கேட்டதும் குளியாட்கள் இறங்குவார்கள். குளியாளிடம் இருப்பவை ஒரு கல், ஒரு கயிறு, கழுத்தில் அல்லது இடுப்பில் ஒரு வலைப் பை, அவ்வளவே. அராபியர் கொம்பினாலான கவ்வியை மூக்கில் மாட்டிக்கொள்வார்கள். நம்மவர்களுக்கு இரண்டு விரல் போதும். கால் விரலிடுக்கில் கயிற்றைப் பற்றி, கல்லின் கனத்தில் ஐம்பது அறுபதடி ஆழத்துக்கு நொடியில் இறங்கிக் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே அவர் தரையோடு தவழ்ந்து, கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். இவ்வளவும் ஒரு நிமிஷத்துக்குள். ஒன்றேகால் நிமிஷம், ஒன்றரை நிமிஷம் மூச்சடக்கியவர்களும் உண்டு. அவர்கள் பேர் பெற்றவர்கள். இருவருக்கு ஒரு கல் வீதம், ஒருவர் மேலே மூச்சு வாங்கும்போது மற்றவர் கீழே இருப்பார். நண்பகலில் மறுபடி வெடி கேட்கும். அதற்குள் நாற்பது, ஐம்பது தடவை இறங்கியிருப்பார்கள். காதிலும் மூக்கிலும் ரத்தம் கசிவது புதியவர்களுக்குச் சகஜம்.

கல்லையும் கயிற்றையும் விட அவர்கள் நம்பியது கடல்கட்டியை. சுறா மீனின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவருக்கு அந்தப் பெயர். கடல்கட்டி கரையில் நிற்காமல் யாரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். மந்திரத்தில் நம்பிக்கையில்லாத இங்கிலீஷ் சர்க்காரும் ஒரு காலத்தில் இவருக்குச் சம்பளம் கொடுத்து வந்தது. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் அறுபதடித் தண்ணீருக்கடியில் உயிரைப் பணயம் வைப்பவருக்குத் தைரியம் தருவது எதுவோ, அது தொழிலுக்குரிய கருவிகளில் ஒன்று என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

மூன்று குவியல்கள்

கடற்காற்றில் படகுகள் கரை சேர்ந்ததும் சிப்பி முழுவதும் 'கொட்டு' என்ற வேலியிட்ட பெரிய அடைப்புக்குள் போகும். அங்கே நடந்த பங்கீட்டைப் பற்றி எழுதுவதற்காகவே இக்கட்டுரையைத் தொடங்கினேன் என்று சொல்லலாம்.

குளியாட்கள் தங்கள் சிப்பியை மூன்று சமமான குவியலாகப் பிரித்து வைக்க வேண்டும். அதிகாரி வந்து, எது குளியாளின் குவியல் என்று கை காட்டுவார். மற்ற இரண்டும் சர்க்காருக்கு. எந்தக் குவியல் தமக்கு விழும் என்று தெரியாதாகையால் குளியாட்கள் ஒழுங்காகவே பங்கு வைப்பார்கள். ஆகவே எண்ணிப் பார்க்கும் சிரமம் அதிகாரிக்கு இல்லை. யுக்தி நல்ல யுக்திதான். ஆனால் மூன்றில் இரண்டு கரையில் நின்றவருக்கு, ஒன்று கடலுக்குள் போனவருக்கு என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒன்றிலிருந்தே படகுக்காரருக்கும் கயிறு பிடித்தவருக்கும் கொடுத்தாக வேண்டும்.

இது எப்பொழுதும் இப்படித்தானா? பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடல் வழியாகச் சென்ற மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மீனை மந்திரிப்பவருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். 1344-ல் இத்தீவுக்கு வந்த இபின் பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னே முத்து குவிந்து கிடந்ததைக் கண்டார். அரசர்கள் முத்தைப் பெரிதும் விரும்பினார்கள் என்பதில் சந்தேகமில்லை. கொற்கையில் பாண்டியனுக்காகக் குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகக் கிரேக்க மாலுமி ஒருவரின் குறிப்பும் உண்டு. ஆகையால் பழைய காலம் முழுவதும் தர்மராஜ்யம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் பத்தில் ஒன்று என்பது மூன்றில் இரண்டாக வளர்ந்தது அன்னிய வியாபாரிகள் ராஜாக்களாக வந்த பின்புதான்.

தம் பங்கைப் பெற்ற குளியாள் கொட்டு வாசலைத் தாண்டியதும் ஜனக்கூட்டம் அவரை மொய்த்துக்கொள்ளும். இரண்டு சிப்பி, மூன்று சிப்பி என்று சில்லறையாக வாங்குவார்கள். கூலிக்காரரும் வாங்குவார், வண்டிக்காரரும் வாங்குவார். நூறு சிப்பி திறந்தும் ஒன்றும் அகப்படாதவர் உண்டு. ஒரே சிப்பியில் வாழ்நாள் சம்பாத்தியத்தைக் கண்டவரும் உண்டு. சர்க்கார் பங்கு அன்று மாலையே ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் போகும். ஏலத்தில் நாட்டுக்கோட்டையாரும் கீழக்கரை மரைக்காயர்களும் பம்பாய் வியாபாரிகளும் போட்டியிடுவார்கள்.

பின்பு சிப்பியைப் பழைய தோணிகளில் கொட்டி ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிடுவார்கள். ஈப்புழு சதையைத் தின்ற பிறகு, கடல் நீரில் அலசி அலசி அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார்கள். பல மைல் தூரம் காற்றில் பரவிய அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத யாத்திரிகர் இல்லை. 1906-ல் மறிச்சுக்கட்டிக் கொட்டில் அதிகாரியாக இருந்த இளைஞர் லெனார்ட் உல்ஃப், பிற்காலத்தில் இங்கிலாந்தில் பிரசித்தி பெற்ற எழுத்தாளரானார். வயது முதிர்ந்து எழுதிய சுயசரிதத்திலும் அவர் அந்த நாற்றத்தையும் ஈக்களையும் மறக்கவில்லை.

அலசி எடுத்த முத்து, இருபது துளையுள்ளது முதல் ஆயிரம் துளையுள்ளது வரையில் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் தரம் பிரியும். உருண்டு ஒளி வீசும் ஆணி முத்து முதல், வைத்தியர்கள் பற்பத்துக்கு வாங்கும் தூள் வரை ஒவ்வொன்றுக்கும் தனி விலை. துளையிடுகிறவர் மரக்கட்டையின் குழிகளில் முத்துக்களைப் பதித்து, வில்லினால் தமரைச் சுழற்றுவார். அருகிலிருக்கும் கொட்டாங்கச்சித் தண்ணீரைச் சுண்டு விரலால் தொட்டுச் சொட்டவிட்டுக்கொண்டே, கண் இமைக்காமல் வேலை செய்வார். கை அசைந்தால் முத்து பிளந்து போகும்.

ஆறு வாரத்து நகரம்

சலாபம் உண்டென்று சர்க்கார் அறிவித்தவுடன், காட்டோரத்து மணலில் ஒரு நகரம் எழும். மூங்கில், கிடுகு, பனையோலை, இவைதான் சாமான். ஆனால் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் இருக்கும். கச்சேரி, ஆஸ்பத்திரி, தபால் தந்தி ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், சிறைச்சாலை, கடைவீதி, கோயில், பள்ளிவாசல் எல்லாம் சில நாளில் வந்துவிடும். முப்பது, நாற்பதாயிரம் ஜனங்கள் அங்கே வசிப்பார்கள். காலரா நுழைந்து, பாதியில் சலாபம் கலைந்ததும் உண்டு. காற்று மாறியதும் ஓலைகள் பிரிக்கப்படும்; சித்திரை கழிவதற்குள் அங்கே நரியும் நண்டும் திரியும்.

1891-க்குப் பின் 1903 வரையில் சலாபமே இல்லை. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் தொடர்ந்து குளித்தார்கள். அவற்றில் 1905-ம் வருஷத்துச் சலாபம் சரித்திரத்திலேயே பெரியது. 300-க்கு மேற்பட்ட படகுகள், ஏறக்குறைய 5,000 குளியாட்கள். இரண்டே மாதத்தில் 8 கோடிக்கு மேல் சிப்பி கரையேறியது. சர்க்காருக்கு 25 லட்சம் ரூபாய் வரும்படி. கணக்குப் போட்டுப் பார்த்தால் சிப்பி ஒன்று ஓர் அணாவுக்கும் குறைவாகவே விற்றிருக்கிறது. ஒரு மூச்சின் விலை எவ்வளவென்று அதிலிருந்து ஊகிக்கலாம்.

இந்தத் தொகையைக் கண்டவர்களுக்கு ஆசை பெருகியது. 1906-ல் லண்டன் முதலாளிகளின் கம்பெனி ஒன்று, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது வருஷத்துக்குப் பார்களைக் குத்தகை எடுத்தது. 1903 முதல் 1907 வரை ஏறத்தாழ 25 கோடிச் சிப்பி எடுக்கப்பட்டன. பின்பு பார்கள் வெறுமையாகக் கிடந்தன. கம்பெனி விஞ்ஞானிகளைக் கொண்டு இளஞ்சிப்பியை இடம் மாற்றிப் பார்த்தது, பயனில்லை. 1912-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். இருபது வருஷத்துக் குத்தகையில் 1907-க்குப் பிறகு ஒரே ஒரு நல்ல வருஷங்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இது முதல் பாடமும் அல்ல. 1796-ல் ஆங்கிலேயர் இக்கரையைக் கைப்பற்றியவுடன் 1796, 1797, 1798 ஆகிய மூன்று வருஷமும் இடைவிடாமல் குளித்தார்கள். அதற்கு முன், டச்சுக்காரருக்கும் ஆற்காட்டு நவாபுக்கும் நேர்ந்த தகராறினால் 1768 முதல் பார்கள் தொடப்படாமல் இருந்தன. அத்தனை வருஷம் சேர்ந்திருந்த செல்வம் மூன்று வருஷத்தில் போயிற்று. பார்கள் வற்றியதற்குக் காற்றும் நீரோட்டமும் காரணம் என்பது மெய்யே. ஆனால் எப்பொழுது தரும், எவ்வளவு தரும் என்று சொல்ல முடியாத கடலை, மாதா மாதம் வட்டி தரும் பாங்கியாக நினைத்தவர்கள் இருமுறை ஏமாந்தார்கள் என்பதும் மெய்யே.

1925-ல் பெரிய அளவில் ஒரு சலாபம் நடந்தது. அதன் பிறகு மறிச்சுக்கட்டியில் அத்தகைய ஓலை நகரம் எழவில்லை. ஜப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்த்த முத்துக்கள் சந்தைக்கு வந்து, கடல் முத்தின் விலையையும் வீழ்த்திவிட்டன.

அல்லிராணியின் கோட்டை

அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் இடையில், கடலுக்கு மேல் எழுந்த மேட்டில், இடிந்த மாளிகை ஒன்று நிற்கிறது. இங்கிலீஷ் அரசின் முதல் கவர்னராகிய பிரெடரிக் நார்த், சலாபத்தைத் தாமே கண்காணிக்கும் பொருட்டு 1801 முதல் 1804 வரை கட்டிய இரண்டு மாடி வீடு அது. பழைய கிரேக்க முறைப்படி தூண்கள் அமைந்தமையால் 'டோரிக்' என்று அதற்குப் பெயர். சுவர் செங்கல், பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. அக்காலத்தில் தீவு முழுவதிலும் இதைப் போல் அழகான கட்டடம் வேறில்லை என்று கார்டினர் என்ற பாதிரியார் புகழ்ந்திருக்கிறார்.

இன்று கூரையில்லை. சில சுவர்களும், மேலே போகாத மாடிப்படியும், விழுந்த தூண்களின் துண்டுகளுமே இருக்கின்றன. கீழே அலைகள் மேட்டை அரித்து அரித்து மாளிகையின் காலடிக்கு வந்துவிட்டன. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருந்தும் கடலைத் தடுக்க முடியவில்லை. உச்சி வேளையில் நான் அங்கே நின்றபோது, செங்கல் ஒன்று சரிந்து மணலில் விழும் ஓசை கேட்டது.

இவ்வூர் ஜனங்கள் இதைக் கவர்னர் மாளிகை என்று சொல்லுவதில்லை. 'அல்லிராணிக் கோட்டை' என்கிறார்கள். தெற்கே குதிரைமலையில் ஆட்சி புரிந்து, முத்து வாணிபம் நடத்தியதாகக் கதைகளில் வரும் தமிழ் ராணி அல்லி. சரித்திரப்படி அவளுக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் முத்துக்குரிய வீடு முத்துக்குரிய ராணியினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜனங்கள் தீர்மானித்து, கவர்னரின் பெயரையே மறந்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை மாற்றும்படி எந்த ஆசிரியரும் அவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றே எனக்குத் தோன்றியது.

இன்றைய கரை

முத்து போன பிறகு இக்கரைக்குத் துன்பம் வேறு உருவத்தில் வந்தது. 1990-ம் வருஷம் அக்டோபரில், விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். சிலாவத்துறையும் கொண்டச்சியும் மறிச்சுக்கட்டியும் அன்று காலியாயின. பின்பு போர் நடந்தது. 2007 செப்டம்பரில் ராணுவம் சிலாவத்துறையைப் பிடித்தது. அப்பொழுது கரையோரத்துத் தமிழர்களும் இடம் பெயர்ந்தார்கள். 2009-ல் யுத்தம் முடிந்த பின் ஜனங்கள் திரும்பி வந்து, காடு மூடிய முற்றங்களை வெட்டித் திருத்திக் குடியேறினார்கள். ஓலை நகரம் எழுந்து மறைவதைப் பார்த்துப் பழகிய மண்ணில், கல் வீடுகளும் ஒரு தலைமுறைக்காலம் மறைந்து போயின.

இப்பொழுது இங்கே மீன், நண்டு, இறால் பிடிக்கிறார்கள். சங்குக்கும் கடலட்டைக்கும் காற்றுக் குப்பியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களும் உண்டு. மூச்சை அடக்கிய பாட்டனாரின் தொழில், வேறு வேஷத்தில் பேரனிடம் தொடர்கிறது. நம் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் கடலடியை வாரிச் சுரண்டிவிடுகின்றன என்பது வடஇலங்கை மீனவர்களின் பெருங்குறை. இதைக் கேட்க நமக்குச் சங்கடந்தான், கேட்கத்தான் வேண்டும். பாரை அழித்தால் பிறகு அங்கே ஒன்றும் ஒட்டாது என்பது சலாபக் காலத்தவர்களும் அறிந்த விஷயம்.

2011-ல் மன்னார்ப் படுகையில் கடலுக்கடியில் இயற்கை வாயு இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். என்றாவது அது வெளியே எடுக்கப்படுமானால், மறுபடியும் குத்தகையும் பங்கீடும் வரும். அப்பொழுது கரையிலுள்ளவர்களின் குவியல் எது என்று யாராவது கை காட்ட வேண்டியிருக்கும். கொட்டு அடைப்பில் நடந்த பழங்கதையை இன்றைக்கும் படிக்க வேண்டிய காரணம் அதுவே.

எழுதி வைக்க வேண்டியது

சலாபத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நூல்களெல்லாம் கவர்னர்களும் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் எழுதியவை. எத்தனை சிப்பி, எத்தனை ரூபாய் என்பது அவற்றில் துல்லியமாக இருக்கிறது. அறுபதடி ஆழத்தில் காதுக்குள் என்ன கேட்கும், முதல் நாள் இறங்கும் சிறுவனுக்குத் தகப்பனார் என்ன சொல்லி அனுப்புவார், கையில் ஒன்றும் அகப்படாமல் ஊர் திரும்புகிறவருக்கு வீட்டில் என்ன வரவேற்பு என்பவை அவற்றில் இல்லை. அவற்றைச் சொல்லக் கூடியவர்கள் குளித்தவர்கள் மட்டுமே.

அவர்கள் எல்லோரும் போய்விடவில்லை. தூத்துக்குடிக் கரையில் 1955 முதல் 1961 வரை சென்னை சர்க்கார் சலாபம் நடத்தியது. அதுவே நம் கரையில் நடந்த கடைசிச் சலாபம். 1973-ல் தூத்துக்குடியில் விஞ்ஞானிகள் சிப்பியில் முத்து வளர்ப்பதில் வெற்றி கண்டார்கள் என்றாலும், மூச்சடக்கிக் குளிக்கும் வித்தை அதனால் திரும்பவில்லை. 1961-ல் இருபது வயது வாலிபராக இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்தவர். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் அத்தகைய பெரியவர்கள் வீட்டுத் திண்ணைகளில் இன்னும் சிலர் இருப்பார்கள். அவ்வூர்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புஸ்தகத்தோடு அவர்களிடம் போய் உட்காரலாம். கல்லுக்கு என்ன எடை, கயிற்றை எத்தனை முறை அசைப்பது, கடல்கட்டிக்கு என்ன கொடுத்தீர்கள், தாத்தா, உங்கள் பங்குக்கு என்ன கிடைத்தது என்று கேட்கலாம். எந்தப் பரீட்சைக்கும் வராத பாடம். ஆனால் இன்னும் பத்து வருஷம் கழித்தால் சொல்லிக் கொடுக்க ஆள் இராது.

சிலாவத்துறைக்குப் போக விரும்புகிற அன்பர்கள் மாசி பங்குனியில் போவது நல்லது. கடல் அமைதியாக இருக்கும். குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் துணியும் எடுத்துச் செல்ல வேண்டும்; நிழல் குறைவு. அல்லிராணிக் கோட்டையின் மேட்டில் நின்று மேற்கே பார்த்தால் பார்கள் கண்ணுக்குத் தெரியா. நீலத் தண்ணீர்தான் தெரியும். எவ்வளவோ பேர் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி ஏறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது பொறித்த ஒரு கல் அந்தக் கரையில் என் கண்ணுக்குப் படவில்லை. அதை நாட்டுவது இரு கரைத் தமிழர்களும் சேர்ந்து செய்யத்தக்க காரியம்.